சீம்பால் கேட்டு வந்தவள்

இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் மாட்டுக் கொட்டகையில், இந்த மார்ச் மாதம் 11, 12, 13 ஆகிய மூன்று சாயங்காலங்களில் எனக்கு நடந்தது. மணி, எடை எல்லாவற்றையும் அப்போதே எழுதி வைத்தேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் ராத்திரியில் தனியாகப் படிக்கிறவர்கள் கடைசிப் பக்கத்தை விடிந்த பிறகு படியுங்கள்.

எங்கள் ஊர் குருபரப்பள்ளியிலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர். ஒரு பக்கம் தக்காளித் தோட்டமும் மாந்தோப்பும். இன்னொரு பக்கம் கம்பெனிகள். ராத்திரி முழுக்கக் கம்பெனி விளக்குகள் வெள்ளையாக எரிவதால் இங்கே முழு இருட்டு என்பதே கிடையாது. எங்கள் வீடு தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. மாட்டுக் கொட்டகை மட்டும் தள்ளி, வண்டிப் பாதை ஓரத்தில், இரும்பு கேட்டோடு தனியாக இருக்கிறது. பாதைக்கு எதிர்ப்புறம் சாந்தம்மா ஆன்ட்டி கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீடுகள். ஒரே வரிசையில் பத்து வீடுகள். கம்பெனி வேலைக்குத் தெற்கேயிருந்து வந்தவர்கள் குடியிருப்பார்கள். வருவார்கள், போவார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியாது.

தெரியாததற்குக் காரணம் நான்தான். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். மார்க் நன்றாகத்தான் வாங்கினேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்லக் குரல் வராது. வீட்டுக்கு யாராவது வந்தாலும் அப்படித்தான், உள்ளே போய்விடுவேன். கொட்டகையை ஒட்டித் தவிட்டு மூட்டை போட்டு வைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. என் நோட்டுகள் அங்கே, காலிச் சாக்குகளுக்கு அடியில் இருக்கின்றன. இது ஏழாவது நோட்டு.

மார்ச் 11. பகல் 2.10.

எங்கள் மாடு கௌரி கன்று போட்டது. ஏப்ரலில் போட வேண்டியது. ஒரு மாதம் முன்னாலேயே போட்டுவிட்டது. கிடேரிக் கன்று. மயிர்கூடச் சரியாக முளைக்கவில்லை, காது ரெண்டும் ஈரத் துணி மாதிரி தொங்கின. சாக்கால் துடைத்துத் துடைத்து என் கை வலித்தது. அது எழுந்திருக்கவே இல்லை. தலையைத் தூக்கும். உடனே பொத்தென்று வைக்கோல்மேல் போடும்.

மூன்றரைக்கு மாட்டு டாக்டர் சென்னகிருஷ்ணன் வந்தார்.

"ஏம்பா வெங்கடப்பா, கன்னு போட்டுச்சின்னு போன் பண்ண. இங்க பூனைக்குட்டி இல்ல படுத்திருக்குது."

அப்பா சிரிக்கவில்லை. "பொழைக்குமா சார்?"

"மூணு நாள் தாண்டட்டும். முதல்ல சீம்பால் உள்ள போவணும். ராத்திரிக்குள்ள ஒரு லிட்டராச்சும்."

அங்கேதான் சிக்கல். கௌரி பாலை விடவில்லை. மடி பாறை மாதிரி இருந்தது. அம்மா அரை மணி நேரம் இழுத்தும் அரை டம்ளர்தான் வந்தது. கன்றை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை அது. கேட்டைத் தாண்டி, லைன் வீடுகள் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது.

தக்காளி எடை போடும் தராசு கொட்டகையில்தான் இருக்கும். கன்றைக் கால் மடக்கித் தக்காளிக் கிரேட்டில் வைத்து எடை போட்டேன். கிரேட்டைக் கழித்தால், 16.400 கிலோ.

"கன்னு போயிட்டா இது சுத்தமா பால் விடாது சார்," என்றார் அப்பா. "சந்தைக்கு ஓட்டிட வேண்டிதுதான். மாடு இல்லன்னா இவளுக்கும் இங்க வேலை இல்ல. கம்பெனி வேன் ரோட்டுக்கே வருது. ஆஸ்டல்ல விட்டா நாலு பேர்கூடப் பழகுவா."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தராசைப் பார்த்தேன்.

"உன் பொண்ணு வாய் தொறக்கறதுக்கு முந்தி இந்தக் கன்னு பேசிரும்பா."

ஆஸ்டலில் ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பன்னிரண்டு பேரும் பேசுவார்கள். பேசச் சொல்வார்கள். இந்தக் கன்று பிழைக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஐந்தரைக்கு அப்பாவும் அம்மாவும் தோட்டத்துக்குக் கிளம்பினார்கள். தக்காளிச் சீசன். மண்டி வண்டி எட்டு மணிக்கு வரும், அதற்குள் கிரேட் நிரப்ப வேண்டும். போகும்போது அம்மா சொன்னாள்:

"ஆறரைக்குச் சாமி விளக்க ஏத்திட்டு வந்து இதும் பக்கத்துலயே உக்காரு. விளக்கு வெச்ச பொறவு யாரு கேட்டாலும் பால் வெளிய போவக் கூடாது. தெரியும் இல்ல?"

தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் பக்கம் விளக்கு வைத்த பிறகு பால், தயிர், உப்பு மூன்றும் வாசலைத் தாண்டக் கூடாது. பகலில் கொடுத்தாலும் கன்று போட்ட வீட்டுப் பாலில் ஒரு கரித்துண்டு போட்டுத்தான் கொடுப்பார்கள். கண் படாமல் இருக்க. கேஸ் அடுப்பு வந்த பிறகு கரி ஏது? அம்மா நாலைந்து துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொட்டகை மாடத்தில் வைத்திருக்கிறாள்.

விளக்கு ஏற்றினேன். கொட்டகைக்கு வந்தேன். கன்றுக்குச் சூடு வேண்டுமென்று அப்பா தொங்கவிட்டிருந்த இருநூறு வாட்ஸ் குண்டு பல்பு அதன் முதுகுக்கு மேலே எரிந்தது. அதன் வாயில் விரலை வைத்துப் பார்த்தேன். சப்பவில்லை. நாக்கு சில்லென்று இருந்தது.

மணி 6.47.

எதிர்ப்புறம் ஒரு குழந்தை அழுதது. பச்சைக் குழந்தை. குரல் பெரிதாக இல்லை. இழுத்து... நிறுத்தி... மறுபடி இழுத்து...

கௌரியின் காது திரும்பியது.

சொட்.

கீழே பார்த்தேன். யாரும் தொடவில்லை. மடியிலிருந்து தானாகப் பால் சொட்டியது. மஞ்சளாக, கெட்டியாக.

சொட்... சொட்...

"பாலு இருக்குமா தாயி? புள்ளைக்கு."

கேட்டுக்கு வெளியே ஒரு அக்கா நின்றார்கள். தெற்கத்திப் பேச்சு. நைட்டி, அதன்மேல் துண்டு. காதை மூடித் தலையைச் சுற்றி இன்னொரு துணி கட்டியிருந்தார்கள். புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் கட்டுவது மாதிரி. கையில் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு.

விளக்கு வைத்தாகிவிட்டது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வராது எனக்கு. அதோடு அப்போது என் மனதில் ஒன்றுதான் இருந்தது. பால் வருகிறது. ஓடிப் போய் குண்டானை வைத்துக் கறந்தேன். காம்பைத் தொட்டதும் பீய்ச்சியது. ரெண்டு லிட்டருக்கு மேல் இருக்கும்.

அந்த அக்கா வந்ததால்தான் பால் வந்தது என்று நினைத்தேன். கேட்டின் கம்பி வழியாகத் தூக்கை வாங்கி நிரப்பினேன். கரித்துண்டு போடவில்லை. ஞாபகமே வரவில்லை.

ரெண்டு விஷயம் மட்டும் அப்போதே கவனித்தேன். மார்ச் வெயிலில் பகலெல்லாம் காய்ந்த ஊரில் அந்தத் தூக்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது மாதிரி சில்லென்று இருந்தது. மூடியின் விளிம்பில் சுற்றிலும் செம்மண் அப்பியிருந்தது. விரலால் துடைத்துவிட்டுக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டார்கள். நான் குண்டானை எடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது பாதையில் யாரும் இல்லை. அழுகையும் நின்றிருந்தது.

பாட்டிலில் ஊற்றி, ரப்பர் காம்பை வாயில் திணித்து, கன்றுக்கு ஒரு லிட்டர் புகட்டினேன். தொண்டை ஏறி இறங்குவதைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே கொடுத்தேன். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை.

7.35-க்கு எடை போட்டேன்.

16.400.

ஒரு லிட்டர் குடித்திருக்கிறது. எடை ஏறவில்லை. தராசு சரியில்லை என்று ஐந்து கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்தேன். ஐந்து கிலோ சரியாகக் காட்டியது.

அம்மாவிடம் ரெண்டு லிட்டர் கறந்ததைச் சொன்னேன். அக்கா வந்ததைச் சொல்லவில்லை. விளக்கு வைத்த பிறகு கொடுத்ததற்குத் திட்டுவாள்.

மார்ச் 12.

காலையில் கௌரி பால் விடவில்லை. மத்தியானமும் இல்லை. முந்தின நாள் மீதியைச் சூடு பண்ணிக் காலை 6 மணி, 10 மணி, பகல் 2 மணி என்று புகட்டினேன். கன்று குடித்தது. குடிக்கக் குடிக்க வயிறு உள்ளே போனது. தொடைக்கும் விலாவுக்கும் நடுவில் குழி விழுந்தது.

சாயங்காலம் 4.00. எடை 15.900.

"அம்மா, குடிக்குது. ஆனா எறங்குது."

"தராசு பொய் சொல்லுதுடி," என்றாள் அம்மா. கன்றின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

ஆறரைக்கு விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். போனை மடியில் வைத்துக்கொண்டு மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அக்கா வரக் கூடாது என்றா, வர வேண்டும் என்றா... எனக்கே தெரியவில்லை. வராவிட்டால் பால் இல்லை.

6.46.

6.47.

அழுகை.

சொட்... சொட்... சொட்...

"பாலு இருக்குமா தாயி? புள்ளைக்கு."

அதே வார்த்தை. அதே இழுப்பு. நேற்றுப் போனில் பதிவு பண்ணி இன்றைக்குப் போட்டது மாதிரி.

கறந்தேன். தூக்கை வாங்கினேன். நேற்று நான் துடைத்த விளிம்பில் மறுபடி செம்மண் இருந்தது. ஈர மண். தூக்கில் பால் வாசனையே இல்லை. சீம்பால் ஊற்றிய பாத்திரத்தை எத்தனை தேய்த்தாலும் ஒரு நாள் முழுக்க வாசனை போகாது. மாடு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கொடுக்கும்போது முகத்தைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், பல்புக்கு அடியில் கிடந்த கன்றைப் பார்த்தார்கள்.

"இன்னும் தல நிக்கலையா?"

நான் பேசவில்லை.

"எம்புள்ளைக்கும் நிக்கல."

கன்றுக்குட்டியைப் பற்றி யாராவது அப்படிக் கேட்பார்களா? அது கைக்குழந்தைக்குக் கேட்பது.

அன்று ராத்திரி 8.10. ஒன்றேகால் லிட்டர் குடித்த பிறகு எடை 15.100.

ஒரு சாயங்காலத்தில் எண்ணூறு கிராம் இறங்கியிருந்தது.

மார்ச் 13.

டாக்டர் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டார். கழுத்தில் ஊசி குத்தும்போதுகூடக் கன்று கண்ணைத் திறக்கவில்லை.

"பால் குடிச்சிதுன்னு சொல்றீங்க. வயித்துல ஒண்ணுமே இல்லையே. சாணிகூடப் போடல."

"ரெண்டு லிட்டருக்கு மேலயே குடிச்சிருக்குது சார், நம்ம ரேவதிதான் குடுத்தா," என்றாள் அம்மா.

"அப்ப எங்கம்மா போச்சி?"

டாக்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது. "இன்னிக்கு ராத்திரி தாங்காது."

அப்பா போனை எடுத்து மாட்டுத் தரகரிடம் பேசினார். நாளைக் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார். பிறகு கம்பெனி வேன் டிரைவர் நம்பரை யாரிடமோ கேட்டு எழுதிக்கொண்டார். என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"உன்னோட ரெண்டு செட் துணி எடுத்து வெச்சிக்கம்மா."

சாயங்காலம் 6.20. அவர்கள் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அந்த அக்கா வந்தால் பால் வருகிறது. ஆனால் அந்தப் பால் கன்றுக்கு ஒட்டவில்லை. வராமல் தடுக்க வேண்டும். கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். டப்பாவிலிருந்து கரித்துண்டு எடுத்துக் குண்டானில் போட்டேன். சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கன்றின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

6.40. கரண்ட் போனது.

குண்டு பல்பு அணைந்தது. லைன் வீடுகளும் அணைந்தன. தூரத்தில் கம்பெனி வெளிச்சம் மட்டும். அது கேட் வரைதான் வந்தது. உள்ளே வரவில்லை.

6.45. கன்றின் நெஞ்சில் கை வைத்தேன். மூச்சு மெல்ல ஏறியது. இறங்கியது.

6.47.

அழுகை இல்லை.

கேட்டைப் பார்த்தேன். யாரும் இல்லை. சங்கிலி அப்படியே தொங்கியது. பாதை காலி.

6.48. வரவில்லை. முதுகை நிமிர்த்தி மூச்சு விட்டேன்.

அப்போது...

சொட்.

என் பக்கத்தில், இருட்டில்.

சொட்... சொட்...

அப்புறம் இன்னொரு சத்தம்.

சப்... சப்... சப்...

கன்று பால் சப்புகிற சத்தம். சந்தோஷமாக இருந்தது. ஒரு விநாடிதான். போனின் டார்ச்சைப் போட்டேன்.

கன்று கழுத்தை நீட்டிக் கிடந்தது. வாய் மூடியிருந்தது.

சப்... சப்...

சத்தம் அதனிடமிருந்து வரவில்லை. எனக்குப் பின்னால், தவிட்டு மூட்டை அறை வாசலிலிருந்து வந்தது.

திரும்பினேன்.

அந்த அக்கா உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முதுகு காட்டி. மடியில் எதையோ வைத்து, துண்டால் மூடி, முன்னும் பின்னும் மெல்ல ஆடினார்கள். பக்கத்தில் தூக்கு.

கேட் பூட்டியிருந்தது. சாவி என் கையில் இருந்தது.

சத்தம் நின்றது.

"உள்ள ஆளு இருக்குன்னு தெரியும் தாயி."

திரும்பாமலே சொன்னார்கள்.

என் கையிலிருந்து போன் விழுந்தது. வெளிச்சம் தரையைப் பார்த்துக் கவிழ்ந்து மறைந்தது.

இருட்டு.

கன்றின் நெஞ்சைத் தடவினேன். ஏறவில்லை. எண்ணினேன். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

ஏறவில்லை.

"பாலு இருக்குமா தாயி?"

இப்போது என் காதுக்குப் பக்கத்தில்.

ஏழு... எட்டு...

"புள்ளைக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளும் கேட்டார்கள். முதல் ரெண்டு நாளும் நான் பால் கொடுத்தேன். ஆனால் ஒரு நாளும் பதில் சொல்லவில்லை.

வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. மறுபடி முயன்றேன். தொண்டை கிழிந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"இருக்குதுக்கா."

ஒன்றும் நடக்கவில்லை.

"பால் இருக்குதுக்கா. நிறைய இருக்குது. இருங்க, தரேன்."

தடவிப் போய் கௌரியின் மடியைப் பிடித்தேன். இருட்டிலேயே கறந்தேன். தூக்கைத் தடவி எடுத்து நிரப்பினேன். விரல் நனையும் வரை நிரப்பினேன். எதிரே நீட்டினேன். கை கனத்தது... பிறகு கனக்கவில்லை.

மணி 7.20. கரண்ட் வந்தது.

யாரும் இல்லை. சங்கிலி பூட்டியபடி இருந்தது. தூக்கு என் காலடியில் இருந்தது. உள்ளே துடைத்து வைத்தது மாதிரி காய்ந்திருந்தது.

கன்று நின்றுகொண்டிருந்தது.

நாலு காலும் நடுங்க, வாலைத் தூக்கி, கௌரியின் மடியில் முட்டி முட்டிக் குடித்தது. கௌரி அதன் முதுகை நக்கியது. மூன்று நாளில் முதல் தடவையாக.

8.00. எடை 18.700.

அப்பா மூன்று முறை எடை போட்டுப் பார்த்தார். அப்புறம் வர வேண்டாமென்று தரகருக்குப் போன் பண்ணினார்.

மறுநாள் அம்மா அந்தத் தூக்கைக் கழுவும்போது அடியில் பெயர் வெட்டியிருந்ததைப் பார்த்தாள். ஜோதிமணி. "லைன் வீட்டு சாமான் போல இருக்குது. யாராச்சும் வந்து கேப்பாங்க," என்று அலமாரியில் வைத்தாள். யாரும் கேட்கவில்லை. நானும் போய்க் கொடுக்கவில்லை.

மார்ச் 20. சாந்தம்மா ஆன்ட்டி பால் வாங்க வந்தார். நான் வழக்கம்போல உள் அறைக்குப் போய்விட்டேன். அவர் அம்மாவிடம் பேசுவதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"ருக்மணி... இது எப்பிடி உங்க வீட்டுக்கு வந்துச்சி?"

"அந்தத் தூக்கா? கொட்டாயில இருந்துச்சிக்கா. உங்க லைன் வீட்டுதுதானே?"

"அய்யோ தேவுரே," என்றார் சாந்தம்மா ஆன்ட்டி. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டார். "ஏழாம் நம்பர் வீட்டுல இருந்தாளே, மதுரைப் பக்கத்துப் பொண்ணு. அவளுது. போன வருஷம் இதே மார்ச்சில ஏழாம் மாசமே பிள்ள பொறந்துடுச்சி. தாய்ப்பால் இல்ல. கடைப்பால் குடுத்தா வயித்தால போச்சி. புருஷன் செகண்ட் ஷிப்டு, சாயங்காலம் வீட்டுல ஆள் கிடையாது. பசும்பால் குடுத்துப் பாரு, எதிர்ல மாடு வெச்சிருக்காங்கன்னு நான்தான் உங்க கொட்டாயக் காட்டி அனுப்பிச்சேன்."

"எனக்குத் தெரியவே தெரியாதுக்கா. யாரும் வரலையே."

"வந்தாளே. மூணு நாள் விடாம வந்தா. உள்ள ஆள் இருக்குது, வெளிச்சம் தெரியுது, இப்ப வருவாங்க, இப்ப வருவாங்கன்னு நின்னாளாம். இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற வீட்டுக்குப் போயிருப்பேன் ஆன்ட்டின்னு சொல்லி அழுதா. நாலாம் நாள் பிள்ள போயிடுச்சி. ஒரு மாசத்துல அவளும் காய்ச்சல்ல போயிட்டா."

"இந்தத் தூக்கு..."

"கொழந்தைய ஏரிக்கரையில பொதைச்சோம். ஒரு வாய் பால்கூடக் குடிக்கலையேன்னு இந்தத் தூக்குல பால் ஊத்திக் குழிக்குள்ள வெச்சது நான்தான், ருக்மணி. என் கையாலதான் மண்ணத் தள்ளுனேன்."

அன்றைக்கே இருவரும் ஏரிக்கரைக்குப் போனார்கள். பால் ஊற்றி, தூக்கை அங்கேயே மறுபடி புதைத்தார்கள். மேல் மண் கலையாமல், புல் முளைத்து, போன வருஷம் வைத்த கல்லும் அப்படியே இருந்ததாம். வந்து அம்மா அப்பாவிடம் ரகசியமாகச் சொன்னாள். பிறகு கேட்டாள், "அந்த மூணு நாளும் கொட்டாயில யாரு இருந்திருப்பாங்க? நாம ரெண்டு பேரும் தக்காளிக்குப் போயிருப்போமே."

இருவரும் என் பக்கம் திரும்பாமல் இருந்தார்கள்.

நான் தவிட்டு மூட்டை அறைக்குப் போனேன். சாக்குகளை விலக்கினேன். போன வருஷத்து நோட்டு ஐந்தாவது. பக்கம் புரட்டினேன். எழுதியது எனக்கு மறந்தே போயிருந்தது. கேட்டில் யார் யாரோ வருவார்கள், கூப்பிடுவார்கள், போவார்கள். எல்லாவற்றையும் எழுதிவிட்டு மறந்துவிடுவேன்.

என் கையெழுத்துதான். நீல மை. அப்படியே இங்கே எழுதுகிறேன்.

மார்ச் 11. 6.47. கேட்டில் யாரோ ஒரு அக்கா. பால் இருக்குமா என்று கேட்டார்கள். விளக்கு வைத்தாகிவிட்டது. இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சத்தம் போடாமல் உள்ளேயே இருந்தேன்.

மார்ச் 12. 6.47. அதே அக்கா. அரை மணி நேரம் நின்றார்கள். விளக்கை அணைத்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்று அணைக்கவில்லை.

மார்ச் 13. 6.47. மறுபடி வந்தார்கள். 7.20 வரை நின்றார்கள். போகும்போது, 'உள்ள ஆளு இருக்குன்னு தெரியும் தாயி' என்று சொன்னார்கள். நான் மூச்சு விடவில்லை. சொசைட்டி வண்டிக்காக வைத்திருந்த பால் கேன் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. கௌரி இன்று சாயங்காலம் ஆறரை லிட்டர்.